ரத்தக்குழாய் ஸ்லைடு செட்: அந்தக் கறுப்புக் கோடுகளுக்காக வாங்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்: பெட்டியில் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் 10 ஸ்லைடுகள் இருக்கின்றன, அவற்றில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தகுந்தவை நான்கு, அந்த நான்கிலும் இரண்டுதான் அருமை. கூடவே வரும் விளக்கத்தாளைப் படிக்காமலேயே ஓரமாக வைத்துவிடலாம். தமனிச் சுவர் ஏன் விரிந்து சுருங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு அந்த இரண்டு ஸ்லைடு போதும், மற்றவை எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. மாணவர்களுக்கான ரத்தக்குழாய் செட்டுகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை மாதிரியே இருக்கும், அதனால் இங்கே சொல்லும் நிறைகுறைகளை வைத்து எந்தப் பெட்டியையும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்கிறது? பெருந்தமனி இரண்டு (ஒன்று சாதாரணச் சாயம், இன்னொன்று எலாஸ்டினுக்கான, அதாவது ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும் புரதத்துக்கான சாயம்), தசைத் தமனி அதே மாதிரி இரண்டு, தமனியும் சிரையும் நரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒன்று, பெரிய சிரை, வால்வுள்ள சிரை, நுண்தமனி, தந்துகி, கடைசியாகக் கொழுப்புப் படிந்த தமனி. கேட்பதற்கு நிறைவான பட்டியல்தான். பெருந்தமனியின் உள்விட்டம் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், சுவர் 2 மில்லிமீட்டர். நுண்தமனிக்கு வந்தால் உள்விட்டம் 30 மைக்ரோமீட்டர், சுவர் 20 மைக்ரோமீட்டர். பாடப்புத்தகங்களில் காலங்காலமாக வரும் கணக்குதான் இது, ஆனால் இரண்டு ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது: குழாய் சிறிதாகச் சிறிதாக, உள்விட்டத்தோடு ஒப்பிட்டால் சுவர் தடித்துக்கொண்டே போகிறது. அந்த ஒரு ஒப்பீட்டுக்காக நுண்தமனி ஸ்லைடை மன்னித்துவிடலாம்.

இனி பெருந்தமனி. சாதாரணச் சாயம், அதாவது ஹிமடாக்சிலின் ஈயோசின் போட்ட ஸ்லைடு எனக்குப் பிடிக்கவில்லை. குறை சாயம் போட்டவரிடம் இல்லை, அந்தச் சாயத்தின் இயல்பே அதுதான். எலாஸ்டின், கொலாஜன் (கயிறு மாதிரி பிடித்து நிறுத்தும் புரதம்), மென்தசை மூன்றுமே ஈயோசினை இழுத்துக்கொண்டு ரோஜா நிறமாகிவிடுகின்றன, நடுநடுவே உட்கருக்கள் நீலப் புள்ளிகளாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். எது விரிவது எது பிடித்து நிறுத்துவது என்று கேட்டால் இந்த ஸ்லைடை வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது. ஒரு வழி உண்டு: மைக்ரோஸ்கோப்பின் கண்டென்சர் டயாஃப்ரத்தை நன்றாகக் குறுக்குங்கள். வெளிச்சம் குறைந்து மாறுபாடு கூடும், எலாஸ்டின் தகடுகள் ஒளியை வேறுவிதமாக வளைப்பதால் மினுமினுக்கும் அலைகோடுகளாக மேலெழும்பி வரும். விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படிப் பார்க்கச் சொல்லாமல் இந்த ஸ்லைடைக் கொடுப்பதில் என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை.

அடுத்த ஸ்லைடுக்குப் போனால் கதையே மாறிவிடுகிறது. வெர்ஹோஃப் 1908இல் கொண்டுவந்த சாயமும் அதோடு வான் கீசன் சாயமும் சேர்த்துப் போட்டது. எலாஸ்டின் கறுப்பு, கொலாஜன் சிவப்பு, தசை மஞ்சள். நான்கு மடங்கு லென்ஸிலேயே சுவரின் நடுவுறை (உள்ளுறை, நடுவுறை, வெளியுறை என்ற மூன்றில் நடுவில் இருப்பது) முழுக்கக் கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காக ஓடுவது தெரிகிறது. கோடு என்று சொல்வது குறுக்குவெட்டில் பார்ப்பதால்தான், உண்மையில் அவை குழாயைச் சுற்றிவரும் தகடுகள், அங்கங்கே ஓட்டை விழுந்த தகடுகள். நாற்பது மடங்குக்குப் போனால் இரண்டு தகடுகளுக்கு நடுவில் மென்தசைச் செல்கள் சற்றே சாய்வாகப் படுத்திருப்பதும், அவற்றை ஒட்டிச் சிவப்பு இழைகள் சுருண்டு கிடப்பதும் தெரியும். ஒரு கறுப்புத் தகடு, அதை ஒட்டிய தசையும் கொலாஜனும், இது ஓர் அலகு. இந்த அலகைத்தான் வோலின்ஸ்கியும் கிளாகோவும் 1967இல் பல பாலூட்டிகளின் பெருந்தமனியை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். சுண்டெலிக்கு ஐந்தாறு அடுக்கு, பெரிய விலங்குகளுக்குப் பல பத்துகள், மனிதரின் மார்புப் பகுதியில் 50க்கு மேல். ஆச்சரியம் எங்கே என்றால், விலங்கு எவ்வளவு பெரிதானாலும் ஓர் அடுக்கு தாங்கும் இழுவிசை ஏறக்குறைய ஒரே அளவில், மீட்டருக்கு சுமார் 2 நியூட்டன் என்ற அளவில் நிற்கிறது. உடல் பெரிதானால் இயற்கை தகட்டைத் தடிமனாக்குவதில்லை, இன்னும் சில அடுக்குகளைச் சேர்த்துவிடுகிறது. இந்த ஸ்லைடை வைத்துக்கொண்டு மாணவர்களை உட்காரவைத்து அடுக்குகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஈடாகும்.

ஆனால் எண்ணி முடித்ததும் ஒரு பிரச்சினை வரும். லேபிளில் "பெருந்தமனி" என்று மட்டும் இருக்கிறது. எந்த விலங்கு? மார்புப் பகுதியா, வயிற்றுப் பகுதியா? ஒரு வார்த்தையும் இல்லை. மனிதரில் வயிற்றுப் பகுதிக்கு வந்ததும் அடுக்குகள் ஏறக்குறைய 30ஆகக் குறைந்துவிடுகின்றன, சுவருக்குள் போய் ஊட்டம் தரும் சிறு குழாய்களும் அங்கே நடுவுறையில் இல்லை. பெருந்தமனி வீக்கம் வயிற்றுப் பகுதியில்தான் அதிகம் வருகிறது என்பதற்கான காரணங்களில் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. நாயின் பெருந்தமனியை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: மார்புக்குள் இருக்கும்வரை எலாஸ்டின் அதிகம், மார்பைத் தாண்டியதும் கொலாஜன் முந்திவிடுகிறது. ஆக, எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்லாத பெருந்தமனி ஸ்லைடு பாதி ஸ்லைடுதான்.

இப்போது விளக்கத்தாள் மீதான என் முக்கியக் கோபத்துக்கு வருகிறேன். "தமனிச் சுவரில் எலாஸ்டின் இருப்பதால் அது மீள்தன்மை கொண்டது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த ஸ்லைடில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் எதற்கு? 1957இல் ரோச், பர்ட்டன் என்ற இருவர் மனித இடுப்புத் தமனித் துண்டுகளை எடுத்து, ஒன்றில் டிரிப்சின் என்ற நொதி கொண்டு எலாஸ்டினைக் கரைத்தார்கள், இன்னொன்றில் ஃபார்மிக் அமிலம் கொண்டு கொலாஜனை அகற்றினார்கள், பிறகு இரண்டையும் இழுத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தமனி முதலில் சுலபமாக விரியும், போகப்போக விறைக்கும், வரைபடத்தில் ஆங்கில ஜே எழுத்து மாதிரி மேலே வளையும். எலாஸ்டின் போனதும் ஆரம்பத்தில் இருந்த மென்மையான பகுதியின் சாய்வு மாறியது, கொலாஜன் போனதும் கடைசியில் வரும் செங்குத்து ஏற்றம் காணாமல் போனது. அதாவது குறைந்த அழுத்தத்தில் வேலை பார்ப்பது எலாஸ்டின், அழுத்தம் ஏற ஏற கொலாஜன் இழைகள் ஒவ்வொன்றாகச் சுருள் நிமிர்ந்து பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. எலாஸ்டின் தன் நீளத்தைப் போல இரு மடங்குக்கு இழுத்தாலும் திரும்பி வரும், கொலாஜன் இழையோ நிமிர்ந்துவிட்டால் அதற்குமேல் சில சதவீதம்தான் நீளும், விறைப்பில் அது எலாஸ்டினைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

இது ஏன் முக்கியம்? வெறும் ரப்பர் பலூனை ஊதிப் பாருங்கள், ஓர் இடத்தில் புடைத்துக்கொண்டால் அடுத்த மூச்சும் அங்கேயேதான் போய்ச் சேரும், ஏனென்றால் விட்டம் கூடும்போது அதே அழுத்தத்துக்குச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் கூடுகிறது, சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. எலாஸ்டின் மட்டும் இருந்தால் தமனிக்கும் அதே கதிதான். விரிய விரிய விறைத்துக்கொள்ளும் பொருள் ஒன்று உள்ளே இருந்தால்தான் ஒவ்வொரு துடிப்பிலும் புடைக்காமல் தப்பிக்க முடியும், அந்தப் பொருள்தான் ஸ்லைடில் சிவப்பாகச் சுருண்டு கிடப்பது. இதை இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், பணம் கொடுத்து வாங்கிய தாளுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம், இது எந்த செட்டிலும் இருக்கும், யாரும் சொல்வதில்லை. கறுப்புக் கோடுகள் ஏன் அலையலையாக இருக்கின்றன? "மீள்தன்மைத் தகடுகள் அலைவடிவம் கொண்டவை" என்று தாளில் எழுதியிருக்கிறார்கள், படிக்கிற பிள்ளை அதை அப்படியே மனப்பாடம் பண்ணித் தேர்விலும் எழுதும். உயிரோடு இருக்கும் தமனிக்குள் சராசரியாக 100 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் இருக்கிறது, அந்த அழுத்தத்தில் தகடுகள் கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்துதான் நிற்கும். வெட்டி எடுத்தவுடன் உள்ளே அழுத்தம் இல்லை, நீளவாக்கில் இழுத்துப் பிடித்திருந்த இழுப்பும் போய்விடுகிறது, தசை சுருங்குகிறது, ஃபார்மலின் வேறு சுருக்குகிறது, தகடு தளர்ந்து மடிந்துவிடுகிறது. நாம் பார்ப்பது காற்றுப்போன தமனி. அதே அழுத்தத்தைக் கொடுத்தபடியே பதப்படுத்தினால் அலைகள் பெரும்பாலும் காணாமல் போவதைப் பார்க்கலாம், அப்படிச் செய்த ஸ்லைடு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தப் பெட்டி வேறு தரத்துக்குப் போயிருக்கும். ஒரே தமனி, அழுத்தத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. மீள்தன்மை என்றால் என்னவென்று அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தயாரிப்பாளர் யாராவது இதைப் படித்தால், தந்துகி ஸ்லைடைத் தூக்கிவிட்டு இதைச் சேருங்கள்.

இந்தத் தளர்வும் முழுத் தளர்வு இல்லை என்பது தனிக் கதை. வளையமாக வெட்டிய தமனித் துண்டை ஓர் இடத்தில் கத்தரித்தால் அது அப்படியே மூடிக் கிடக்காது, தானாக விரிந்து திறந்துகொள்ளும். அழுத்தமே இல்லாதபோதும் உள்பக்கம் அமுக்கப்பட்டும் வெளிப்பக்கம் இழுக்கப்பட்டும் இருக்கிறது என்று அர்த்தம். 1983இல் இருந்து உயிர்விசையியல் ஆட்கள் இதை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். ஸ்லைடில் இது தெரியாது, அது ஸ்லைடின் குற்றமும் இல்லை.

தசைத் தமனி ஸ்லைடு, எலாஸ்டின் சாயம் போட்டது, இரண்டாவது அருமை. பெருந்தமனியில் பரவலாக இருந்த கறுப்பு இங்கே இரண்டு இடங்களில் மட்டும் திரண்டு நிற்கிறது: உள்ளுறையை ஒட்டிப் பளிச்சென்று ஒரு நெளிகோடு, வெளியுறையை ஒட்டிக் கொஞ்சம் கலைந்த ஒரு கோடு. நடுவில் மஞ்சளாகத் தசை, தசை, தசைதான். பெருந்தமனியின் வேலை இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கை விரிந்து வாங்கி வைத்துக்கொண்டு இதயம் ஓய்வெடுக்கும்போது முன்னே அனுப்புவது; ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இலேயே இதைச் சொல்லிவிட்டார், ஓட்டோ ஃபிராங்க் 1899இல் அதற்குக் கணக்குப் போட்டார். தசைத் தமனியின் வேலை வேறு, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பங்கிடுவது. அதனால் இங்கே விறைப்பு நிலையானது இல்லை, தசை இறுகினால் ஒரு மாதிரி, தளர்ந்தால் இன்னொரு மாதிரி. இரண்டு எலாஸ்டின் ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். ஒரு குறை மட்டும்: மூளைத் தமனி ஒன்றைச் சேர்த்திருக்கலாம். மண்டைக்குள் போனதும் அந்த வெளிக்கோடு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும், நடுவுறையும் மெலிது, அங்கே கிளை பிரியும் இடங்களில் வீக்கம் வருவதைப் பேச அதைவிட நல்ல படம் இல்லை.

தமனி, சிரை, நரம்பு மூன்றும் இருக்கும் ஸ்லைடு பரவாயில்லை ரகம். தமனி வட்டமாக நிற்கிறது, சிரை சப்பிக் கிடக்கிறது, அதைப் பார்த்ததுமே சுவரில் என்ன இருக்கிறது என்று யூகிக்கலாம். பெரிய சிரை, வால்வு, தந்துகி மூன்றுக்கும் நான் ஒரு வரிக்குமேல் செலவழிக்கப் போவதில்லை: பெயருக்கு இருக்கின்றன.

கடைசி ஸ்லைடு, கொழுப்புப் படிந்த தமனி. பெரிய ஏமாற்றம். சாதாரணச் சாயம் மட்டும் போட்டிருக்கிறார்கள். உள்ளுறை தடித்திருக்கிறது, கொலஸ்ட்ரால் படிகங்கள் கரைந்துபோன இடத்தில் ஊசிமாதிரி வெற்றிடங்கள் தெரிகின்றன, சரி. ஆனால் மீள்தன்மை எப்படிப் போகிறது என்று இதில் தெரியாது. தமனி அடைபடுவது வேறு, தமனி விறைப்பது வேறு. இரண்டும் சேர்ந்து வரும் என்றாலும் முதலாவது உள்ளுறையில் அங்கங்கே திட்டுத்திட்டாக நடப்பது, இரண்டாவது பெரும்பாலும் நடுவுறை முழுக்க நடப்பது. பெட்டியின் தாள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறது.

வயதானவரின் பெருந்தமனி ஒன்றை எலாஸ்டின் சாயத்தில் கொடுத்திருந்தால் கதை முழுதாகியிருக்கும். எலாஸ்டின் பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும் சிறுவயதிலும் போடப்படுவது, பிறகு உடல் அதைப் புதிதாகச் செய்வது மிகமிகக் குறைவு, இருப்பதை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். இதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் தகடு ஒருமுறை இழுபடுகிறது. பல பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் துண்டுதுண்டாக உடைந்து, இடைவெளியில் கொலாஜன் கூடி, சில இடங்களில் சுண்ணாம்பும் படிந்திருக்கும். முன்பு உயர் அழுத்தத்தில்தான் பாரம் வாங்கிய கொலாஜன் இப்போது சாதாரண அழுத்தத்திலேயே வாங்க ஆரம்பித்துவிடுகிறது, சுவர் விறைக்கிறது. விறைத்தால் நாடித்துடிப்பின் அலை குழாய் வழியே வேகமாக ஓடும். மோன்ஸ், கோர்ட்டவெக் இருவரும் 1878இல் இதற்கான சூத்திரத்தைத் தந்தார்கள். இளவயதில் பெருந்தமனியில் நொடிக்கு ஐந்தாறு மீட்டர், கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் நடுவே அளக்கும்போது 10 மீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது என்கிறார்கள். மேல் அழுத்தம் ஏறிக் கீழ் அழுத்தம் இறங்கும் அந்த முதுமை ரத்தக்கொதிப்புக்கு வேர் இந்த உடைந்த கறுப்புக் கோடுகளில்தான் இருக்கிறது. இதைக் காட்ட ஒரு கண்ணாடித் துண்டு போதும், போடவில்லை. மரபணுக் கோளாறுகளை எல்லாம் மாணவர் செட்டில் எதிர்பார்க்க முடியாது என்றாலும், ஃபைப்ரில்லின் (எலாஸ்டின் இழைகளுக்குச் சட்டம் மாதிரி நிற்கும் புரதம்) கெட்டுப்போகும் மார்ஃபான் நோயில் நடுவுறை எப்படிச் சிதைகிறது என்று தாளிலாவது ஒரு படம் போட்டிருக்கலாம்.

தயாரிப்புத் தரம் பற்றிக் கொஞ்சம். கண்ணாடி நல்ல கண்ணாடி, ஓரங்கள் தேய்த்திருக்கிறார்கள், கை கிழிக்காது. கவர்ஸ்லிப் ஒட்டியதில் தந்துகி ஸ்லைடில் மட்டும் காற்றுக்குமிழி, அதையும் பார்வைக்கு நடுவில். சாதாரணச் சாயம் போட்ட பெருந்தமனியில் மடிப்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது, கத்தி தடுமாறியதன் கோடுகளும் உண்டு. பெருந்தமனி மாதிரி தடித்த, இழுவையான சுவரை மெலிதாகச் சீவுவது சிரமம் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலாஸ்டின் சாயத்தில்தான் கவனம் வேண்டும். கூடுதல் சாயத்தைக் கழுவி எடுக்கும் ஃபெரிக் குளோரைடில் அதிக நேரம் விட்டுவிட்டால் மெல்லிய இழைகளின் கறுப்பு கழுவிப் போய்விடும், தடித்த தகடுகள் மட்டும் மிஞ்சும். இந்தப் பெட்டியில் பெருந்தமனி சரியாக வந்திருக்கிறது, தசைத் தமனியின் வெளிக்கோட்டில் கொஞ்சம் கழுவிப்போன மாதிரி இருக்கிறது. வான் கீசனின் சிவப்பு வெளிச்சம் பட்டால் நாளாக ஆக வெளுக்கும், அதனால் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், மைக்ரோஸ்கோப் விளக்குக்கு அடியில் ஸ்லைடை மறந்துவிட்டுப் போகாதீர்கள். கொலாஜன் வெளுத்துப்போனால் பாதிப் பாடம் போய்விடும்.

யார் வாங்கலாம்? நர்சிங், பிசியோதெரபி, உடலியங்கியல் பாடம் நடத்துகிறவர்கள் வாங்கலாம், சொந்த ஆர்வத்தில் வீட்டில் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்களும் வாங்கலாம். எலாஸ்டின் சாய ஸ்லைடுகளைத் தனியாகக் கொடுப்பவர் கிடைத்தால் பெட்டியை விட்டுவிட்டு அவற்றை மட்டும் வாங்குங்கள். தேர்வுக்குச் சாதாரணச் சாயத்தில் அடையாளம் கண்டால் போதும் என்பவருக்கு இந்த செட் அதிகப்படி, புத்தகப் படமே போதும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த விலங்கு, பெருந்தமனியின் எந்தப் பகுதி, அழுத்தம் கொடுத்துப் பதப்படுத்தியதா இல்லையா. மூன்றாவது கேள்விக்கு "அப்படியென்றால்?" என்று திருப்பிக் கேட்டால் பரவாயில்லை, பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லாதவரிடம் நான் வாங்கமாட்டேன்.